முன்வரிசைக்குச் சொன்னது

காது கேளாதவர்கள் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டில் ஒரு நாள் குடியிருந்து பார்க்க வேண்டும். என் தம்பி கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழும். நாற்காலியை இழுத்தால் கீழ் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துத் திட்டுவார். தட்டு, டம்ளர், குழாய், பீரோ என்று எது அவன் கையில் பட்டாலும் அலறும். அவனுக்கு அதெல்லாம் தெரியாது. அப்பா அம்மாவுக்கும் தெரிந்ததில்லை. மூன்று பேருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அந்த வீட்டில் காதோடு பிறந்தது நான் ஒருத்திதான். அதனால் எங்கள் வீட்டுக் கைப்பேச்சில் என் பெயரே காதைத் தொட்டுக் காட்டுவதுதான்.

அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானும் தம்பியும் மட்டும் இருக்கிறோம். அவன் ஜாமீனில் வந்த பிறகும் வீட்டில் சத்தத்துக்கு ஒன்றும் குறைவில்லை. பேச்சுதான் இல்லை.

வாயால் பேசுகிறவர்கள் கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனாலும் காது திறந்தேதான் கிடக்கும். பின்னாலேயே போய் நாலு வார்த்தை சொல்லிவிடலாம். கையால் பேசுகிறவனிடம் அது செல்லாது. கண்ணை மூடிக்கொண்டால் அவ்வளவுதான், கதை முடிந்தது. சோறு போட்டால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான். நான் கையைத் தூக்குவது ஓரக்கண்ணில் பட்டுவிட்டால் இமையை இறக்கிவிடுவான். தோளைத் தொட்டால் தட்டிவிடுவான். வளர்ந்த ஒரு மனிதனுக்கு எதிரே நின்றுகொண்டு அவன் எப்போது கண்ணைத் திறப்பான் என்று காத்திருப்பதைப் போல ஒரு கேவலம் கிடையாது. நான் அதையும் செய்து பார்த்தேன். கால் கடுத்ததுதான் மிச்சம்.

நான் சைகை மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்பேன். போலீஸ் ஸ்டேஷனில், பேங்க்கில், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் நிற்பேன். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. பேசுகிறவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் என்ன சொல்றார்னா" என்று இழுக்கக் கூடாது. சேர்க்கக் கூடாது, குறைக்கவும் கூடாது. அவர் கோபப்பட்டால் என் முகம் கோபப்பட வேண்டும், அவர் குழைந்தால் நான் குழைய வேண்டும். டாக்டர் கைவிரித்தால் அந்த நோயாளிக்குக் கைவிரித்தவள் நான்தான். சாபமெல்லாம் எனக்குத்தான் வரும். இத்தனை வருஷத்தில் அது பழகிப்போயிருந்தது.

தேர்தல் சமயத்தில் ஒரு கட்சித் தலைவரின் ஆட்கள் என்னைக் கூப்பிட்டார்கள். எல்லோருக்குமான கட்சி என்று காட்டிக்கொள்ள வேண்டுமாம். பெரிய மண்டபம். மேடை ஓரத்தில் எனக்கென்று தனி விளக்கு. வீடியோவில் கீழ் மூலையில் ஒரு வட்டத்துக்குள் என் முகமும் கையும். காது கேளாதோர் சங்கத்துக்கு முன்வரிசை முழுக்க ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே போகும்போது பாதுகாப்பு என்று சொல்லி எல்லோரிடமும் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தம்பியும் வந்திருந்தான். சோபா தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறவன். அரசியலுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அக்கா மேடையில் நிற்கிறாள் என்பதற்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான்.

தலைவர் முதலில் ரோட்டைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தணித்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் நம் குடிதண்ணீர்த் தொட்டியில் விஷம் கலந்துவிட்டார்கள் என்றார். ஆஸ்பத்திரியில் நம் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கின்றன, வெளியே தெரியாமல் மூடி மறைக்கிறார்கள் என்றார். "இன்னும் எத்தனை நாளைக்குக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கப் போறீங்க?" என்று கேட்டார். அத்தனையும் புளுகு. தொட்டியில் யாரும் எதுவும் கலக்கவில்லை. சில பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வந்து, மருந்து குடித்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்பியிருந்தார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. மேடையில் நிற்கும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்த வாக்கியம் வருவதற்குள் இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

பிள்ளைகள் சாவதைச் சொன்ன இடத்தில் தம்பியின் புருவம் சுருங்கியது. குறுக்கே யாரோ போய் மறைத்திருக்கிறார்கள், அவனுக்குப் புரியவில்லை. அவன் புருவம் சுருங்கினால் என் கை தானாக வீட்டுப் பேச்சுக்கு மாறிவிடும். குழந்தையிலிருந்து வந்த பழக்கம். சங்கத்தில் எல்லோரும் பேசும் சைகை வேறு, நாங்கள் நாலு பேர் சமையலறையில் வைத்துப் பேசிய சைகை வேறு. தம்பிக்குப் பின்னால் எங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து தங்காமல் போனது. அதைச் சொல்ல அம்மா இரண்டு கையையும் மார்புக்கு நேரே வளைத்து ஏந்துவாள். பிறகு அப்படியே கையை விட்டுவிடுவாள். இரண்டு கையும் தொங்கும். உலகத்தில் வேறு யாரும் சாவை அப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால், என் தம்பிக்குப் புரிய வேண்டுமே என்று, நான் அதைச் செய்தேன்.

அவன் முகம் மாறியது. புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரு திருப்தி வந்தது, வேலை தெரிந்தவளுக்கு வரும் திருப்தி. அதை நினைத்தால் இந்தக் கைகளைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிட்டு வந்துவிடலாம் போலிருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் ஒரு கும்பல் நேரே வாய்க்காலைத் தாண்டிப் போனது. கடைகளை உடைத்தார்கள், தீ வைத்தார்கள். வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவர் பயந்துபோய்க் கடைக்குள்ளேயே இருந்து ஷட்டரை இறக்கிக்கொண்டார். பக்கத்துக் கடை எரிந்த புகை உள்ளே நிறைந்து, அங்கேயே இறந்துபோனார். என் தம்பி அந்தக் கடை முன்னால் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அங்கே அவன் என்ன செய்தான் என்று எவருக்கும் தெரியவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, பிறகு ஜாமீனில் விட்டது.

தலைவர் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? மாலையோடு பேட்டி கொடுத்தார். "தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னுதான் சொன்னேன். மக்கள் ஆரோக்கியத்துல அக்கறை இருக்கறது ஒரு தப்பா?" என்றார். கட்சி வெளியிட்ட வீடியோவில் சரியாக அந்த இடத்தில் மட்டும் சத்தம் இல்லை. மைக் கோளாறாம். மண்டபம் நிறைய இருந்த ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தால், ஒருத்தருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை. காது நன்றாகக் கேட்கிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் காது அடைத்துப்போயிருந்தது. ஆனால் சத்தத்தை வெட்டியவர்கள் மூலையில் இருந்த வட்டத்தை மறந்துவிட்டார்கள். அதில் என் கை பேசிக்கொண்டே இருந்தது. முன்வரிசையில் இருந்த சங்கத்துக்காரர்கள்தான் விசாரணையில் விஷம், பிள்ளைகள், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்கள்.

தலைவருக்கு அதற்கும் பதில் இருந்தது. "நான் காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். அந்தப் பொண்ணு ஓரமா நின்னு கையை என்னென்னவோ ஆட்டுச்சு. அது என்ன ஆட்டுச்சுன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?"

அதை நினைத்து எனக்கு ஆத்திரம் வந்ததா என்றால் வந்தது. ஆனால் அதைவிட, எங்கள் ஆட்கள் அதை நம்பியதுதான் என்னை உடைத்தது. அவர்களும் பாவம், என்னதான் செய்வார்கள்? அவர்கள் யாரும் தலைவர் சொல்லி எதையும் கேட்டதில்லை. விஷம் என்று சொன்னது என் கை. பிள்ளைகள் செத்தது என் முகத்தில். பேப்பரில் பார்த்தால் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார் என்று போட்டிருக்கிறது. சங்கத்திலிருந்து என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கடைத்தெருவில் எதிரே வந்தவர்கள் கையைப் பையில் விட்டுக்கொண்டு கடந்து போனார்கள். கேட்கிறவர்களோடு எனக்கு என்றைக்குமே பெரிய ஒட்டுதல் இல்லை. கேட்காதவர்கள்தான் என் ஜனம். அந்த ஜனமும் போனது.

தம்பி ஜாமீனில் வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்ட கேள்வி இதுதான்: "பேப்பர்ல காய்ச்சிக் குடிக்கச் சொன்னாருன்னு இருக்கு. நீ ஏன் அப்படிச் சொன்னே? பாப்பாவை ஏன் இழுத்தே?"

நான் பதில் சொல்லக் கையைத் தூக்கினேன். கண்ணை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து அப்படித்தான்.

வாட்ச் ரிப்பேர்காரரின் மனைவி மட்டும் விடவில்லை. அந்த அம்மா ஏறாத படி இல்லை. கடைசியில் தலைவர் மேல் வழக்குப் பதிவாகி, கூண்டில் வந்து நின்றார். நின்றார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதல் நாளே முதுகுவலி என்று நாற்காலி வாங்கிக்கொண்டார்.

என்னை விசாரித்த அன்று தலைவரின் வக்கீல் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டார். நல்ல கணீரென்ற குரல், நல்ல தமிழ். கோர்ட்டில் திரையில் என் வீடியோவைப் போட்டு, நான் அம்மாவின் சைகையைச் செய்த இடத்தில் நிறுத்தினார்.

"இது என்னம்மா?"

"குழந்தை செத்துடுச்சுன்னு அர்த்தம்."

"எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல இல்ல. எங்க வீட்டுல சொல்றது."

"ஓ! உங்க வீட்டுல சொல்றது." அவர் நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார். "அப்போ தலைவர் சொல்லாததை, எந்தப் புத்தகத்துலயும் இல்லாததை, உங்க வீட்டுச் சரக்கை மேடையில ஏத்தி விட்டிருக்கீங்க. இன்னும் என்னென்ன சேர்த்தீங்க? விஷமும் உங்க வீட்டுதா?"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நான் எதையும் சேர்க்கவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. உண்மை சொல்கிறவளுக்குக் குரல் நடுங்கக் கூடாது என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது? ஆனால் கேட்கிறவர்கள் நடுக்கத்தைத்தான் கேட்டார்கள்.

அடுத்த வாய்தாவில் தம்பி சாட்சி சொல்ல வேண்டும். அவனுக்கு மொழிபெயர்க்க என்னை விட மாட்டார்கள்; நானே சாட்சி, அதுவும் அக்கா. காது கேளாதோர் பள்ளியிலிருந்து ஒரு டீச்சரை ஏற்பாடு செய்திருந்தார்கள். தம்பியின் கேஸைப் பார்க்கும் வக்கீலம்மா அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்தார். அவர் என்னிடம் சொல்வார், நான் தம்பிக்குச் சொல்ல வேண்டும். அவன் கண்ணைத் திறக்க மாட்டான். கடைசியில் அவரே எழுதிக் காட்டினார். போகும்போது வாசலில் வைத்து என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

"மேடையில என்ன பார்த்தான்னு மட்டும் சொன்னா போதும். தெருவுக்குப் போனது, கடை முன்னால நின்னது, அந்தப் பக்கமே போக வேண்டாம். அங்க அவன் வாயிலேர்ந்து வர்ற ஒவ்வொரு சொல்லும் அவன் கேஸ்ல வந்து நிக்கும். இப்போதைக்கு அவன் மேல கூட்டத்தோட கூட்டமா நின்னான்ங்கறதுதான் இருக்கு. அதை வெச்சு நான் வெளிய கொண்டு வந்துடுவேன். அவனே எதையாவது சொல்லி மாட்டிக்கிட்டான்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"அவன் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டான்" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் படி இறங்கினார். அவன் ஒன்றும் செய்திருக்க மாட்டான் என்று நான் நம்பினேனா, நம்ப ஆசைப்பட்டேனா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அவன் வீட்டில் இருக்க வேண்டும். பேசாவிட்டாலும் பரவாயில்லை, கதவை டமாரென்று சாத்திக்கொண்டு இருந்தால் போதும். அவன் போய்விட்டால் அந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? எங்கள் நாலு பேரின் பேச்சு இப்போது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் ஜெயிலுக்குப் போனால் மற்றவள் சுவரோடுதான் பேச வேண்டும்.

கோர்ட்டில் தம்பி கூண்டில் ஏறினான். டீச்சர் அவனுக்கு எதிரே நின்றார். சின்ன வயசு, நல்ல பெண், புத்தகத்தில் உள்ளபடி தெளிவாகக் கையைப் போட்டார். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் தம்பி சங்கத்துச் சைகையிலேயே பதில் சொன்னான். விஷம் என்று பார்த்தேன், பிள்ளைகள் செத்தார்கள் என்று பார்த்தேன், கையைக் கட்டிக்கொண்டு நிற்காதே என்று பார்த்தேன். டீச்சர் அழகாகச் சொன்னார். வக்கீலம்மா என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு தலைவரின் வக்கீல் எழுந்தார்.

"ஒரே ஒரு கேள்வி. உங்களை அந்தத் தெருவுக்குப் போகச் சொன்னது யாரு? தலைவரா, உங்க அக்காவா?"

டீச்சர் கேள்வியைக் கையில் சொன்னார். "கடை முன்னால நின்னது தொடர்பா நீ பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லப்பா" என்று நீதிபதி சொன்னார். டீச்சர் அதையும் சொன்னார். தம்பி தலையை ஆட்டினான். அவன் கை மெல்ல எழுந்தது. ஏந்தியது. விட்டது. அதன் பிறகு அவன் சங்கத்துச் சைகைக்குத் திரும்பவே இல்லை. கை அம்மாவின் சமையலறைக்குப் போய்விட்டது. வேகவேகமாகப் பேசினான், முதுகைக் காட்டினான், மார்பில் தட்டினான், நிறுத்தினான், மறுபடியும் தட்டினான்.

டீச்சர் வாயைத் திறந்து மூடினார். பிறகு நீதிபதியைப் பார்த்தார். "ஐயா, மன்னிக்கணும். இதுக்கு மேல எனக்குப் புரியல. இது நாங்க சொல்லிக் குடுக்கறது இல்ல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வேற யாருக்குப் புரியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஏற்கெனவே புரிந்திருந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

தலைவரின் வக்கீல் ஆட்சேபம் சொல்வார் என்று வேண்டிக்கொண்டேன். அந்த மனிதர் புன்னகையோடு கையை விரித்தார். "தாராளமா சொல்லட்டும் ஐயா. இந்த அம்மா என்ன கதை கட்டினாலும் அதையும் கேட்டு வைப்போம்." நான் என்ன சொன்னாலும் சொந்தச் சரக்கு என்று ஊதித் தள்ளிவிடலாம் என்பது அவர் கணக்கு. வக்கீலம்மா எழுந்து ஆட்சேபித்துப் பார்த்தார். நீதிபதி கேட்கவில்லை. வீடியோ பதிவாகட்டும், டீச்சர் பக்கத்திலேயே நிற்கட்டும் என்று சொல்லி என்னை முன்னால் அழைத்தார்.

நான் போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். தம்பி என்னைப் பார்த்தான். ஜாமீனில் வந்த நாளுக்குப் பிறகு இப்போதுதான் நேராகப் பார்க்கிறான். மறுபடியும் முதலிலிருந்து சொன்னான், நிதானமாக. நான் வாயைத் திறந்தேன்.

"எங்க பாப்பா செத்தது மாதிரி அங்க பிள்ளைங்க சாகுதுன்னு நினைச்சேன். என்னை யாரும் இழுத்துட்டுப் போகல. நானாத்தான் போனேன். எல்லாரும் ஓடினாங்க, நானும் ஓடினேன். கடைக்காரர் உள்ள போயி ஷட்டரை இறக்கினாரு. பக்கத்துக் கடை எரிஞ்சுது."

இதுவரை எளிது. அடுத்தது அவன் கையில் வந்துகொண்டிருந்தது. நான் நிறுத்தினேன்.

அங்கேயே அதை விழுங்கியிருக்கலாம். "ஓரமா நின்னேன், எதுவும் தெரியல" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்தாலும் ஒரு பயல் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கைப்பேச்சைப் படிக்கத் தெரிந்த அப்பாவும் அம்மாவும் மண்ணுக்குள் இருக்கிறார்கள். தம்பிக்கே தெரியாது. சின்ன வயசிலிருந்து அவன் சொன்னதை நான் ஊருக்குச் சொல்லும்போதெல்லாம், என்ன சொல்கிறேன் என்று தெரியாமல், என்னை நம்பித்தான் பக்கத்தில் நின்றிருக்கிறான். கடைசி பெஞ்சில் வாட்ச் ரிப்பேர்காரரின் மனைவி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விட்டார். ஒரு சொல்லை நான் மாற்றினால் போதும், அந்த ஆள் என்னைப் பற்றிச் சொன்னது அத்தனையும் நிஜமாகிவிடும். மாற்றாவிட்டால் என் தம்பி எனக்கு இல்லை.

எனக்கு அவன் வேண்டும். அப்படித்தான் அப்போது தோன்றியது, வேறு எதுவும் தோன்றவில்லை. ஆனால் அவன் கை காத்துக்கொண்டிருந்தது. அவன் சொல்லி முடித்ததைச் சொல்லாமல் நிறுத்தி வைக்க எனக்குத் தெரியவில்லை, என்றைக்குமே தெரிந்ததில்லை.

"நான் ஷட்டர்ல முதுகை வெச்சு சாஞ்சு நின்னேன்" என்றேன். "முதுகுல அடி விழுந்துட்டே இருந்துச்சு. உள்ள இருந்து கையால தட்டுறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. எனக்குக் காதுதான் கேக்காது, முதுகு கேக்கும். பிள்ளைங்களைக் கொன்னவன், தட்டட்டும்னு நினைச்சேன். நான் நகரல. தட்டறது நிக்கற வரைக்கும் நகரல."

கடைசி பெஞ்சில் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தன் புருஷன் தட்டினார் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. வக்கீலம்மா குனிந்துகொண்டார்.

முதலில் பேசியது தலைவரின் வக்கீல்தான். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஐயா, இதை அப்படியே பதிவு பண்ணணும். குற்றவாளி யாருங்கறதை அவரே ஒத்துக்கிட்டாரு. வார்த்தைக்கு வார்த்தை பதிவாகணும்."

நீதிபதி அவரையே பார்த்தார். "வார்த்தைக்கு வார்த்தையா? அப்போ இந்த அம்மாவோட மொழிபெயர்ப்பு சரின்னு நீங்க ஒத்துக்கறீங்க."

வக்கீலின் கணீர்க் குரல் எங்கேயோ போய்விட்டது. "அது... இந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஐயா."

"இந்த ஒரு இடத்துக்கு மட்டும் நல்ல கை, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கெட்ட கையா? உட்காருங்க."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகுவலி போய்விட்டது போலிருக்கிறது.

தம்பிக்கு இது எதுவும் தெரியாது. வாய்கள் அசைவதை மாறி மாறிப் பார்த்துவிட்டு, கூண்டிலிருந்து கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டான்.

"எல்லாம் சொன்னியா?" என்று கேட்டான், வீட்டுப் பேச்சில்.

"சொன்னேன்."

"தட்டினதையுமா?"

"தட்டினதையும். நீ நகராததையும்."

நான் மறைத்திருப்பேன் என்றுதான் அவன் நினைத்திருக்கிறான். அக்கா ஆயிற்றே. அவன் சொல்லிவிட்டான், நான் மூடிவிடுவேன், இரண்டு பேரும் வீட்டுக்குப் போவோம் என்று ஒரு ஓரத்தில் நம்பியிருக்கிறான் போல.

"எனக்காகக்கூட மாத்தலயா?"

"மாத்தல."

"அப்போ அன்னிக்கு மேடையில?"

"அன்னிக்கும் மாத்தல. அவர் சொன்னதுதான். பிள்ளைங்க செத்ததுன்னு அவர்தான் சொன்னார். உனக்குப் புரியணும்னு அம்மா மாதிரி சொன்னேன்."

நீதிபதி மேஜையைத் தட்டினார். "அங்க என்னம்மா பேசிக்கறீங்க? அதையும் கோர்ட்டுக்குச் சொல்லுங்க."

சொன்னேன். அவன் கேட்டதை அவனாகவும், நான் சொன்னதை நானாகவும், ஒன்று விடாமல் சொன்னேன். டைப் அடிக்கிற பெண் நடுவில் ஒரு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு பிறகு வந்தது. தலைவர் சொன்னது பொய், பொய் என்று தெரிந்தே சொன்னார், அந்தப் பொய்தான் ஒரு மனிதரைக் கொன்றது என்று நீதிபதி எழுதினார். பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டார்கள். சங்கத்திலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டார்கள், சால்வைகூடப் போர்த்தினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆனால் எனக்கு அந்த வழக்கு முடிந்தது சாட்சி நாளின் சாயங்காலத்தில். தம்பியின் ஜாமீன் அன்றே ரத்தானது. கோர்ட் வராந்தாவில் கான்ஸ்டபிள் அவன் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் விலங்கை மாட்டினார். தம்பி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தான். தோள் அசைந்தது, முகம் என்னென்னவோ செய்தது. கை பின்னால் கட்டிக் கிடந்தது.

"சார், கொஞ்சம் கையை அவிழ்த்து விடுங்க" என்றேன். "அவன் பேசணும்."

"பேசச் சொல்லுங்கம்மா. வாயை யாரு கட்டினா?" என்றார் கான்ஸ்டபிள். அவருக்குத் தெரியாது, நல்ல மனிதர்தான்.

"சார், அவனுக்கு அதுதான் வாய்."

அவருக்குப் புரிவதற்குள் வேன் கதவைத் திறந்துவிட்டார்கள். தம்பி ஏறும்போது மறுபடியும் என் பக்கம் திரும்பினான். முதுகுக்குப் பின்னால் விரல்கள் அசைந்துகொண்டே இருந்தன. நான் எட்டிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்கிறானா, வீட்டைப் பார்த்துக்கொள் என்கிறானா, இல்லை அக்காவா நீ என்று கேட்கிறானா? அந்தப் பேச்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கும் புரியவில்லை.